இளைஞர்களை வேலைக்குச் சேர்க்கும் நெல்லைக்காரர்களுக்கு: அரசின் சம்பள உதவியை வாங்கும் வழி

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. அதன் முதலாளி அண்ணாச்சி ஒரு நாள் காலையிலேயே போன் போட்டார். "எய்யா, சின்னப் பயலுவள வேலைக்கு எடுத்தா கவர்மெண்டு சம்பளத்துல பாதி குடுக்காம்லா? நான் ரெண்டு பேர எடுத்து நாலு மாசமாச்சு. அந்தப் பாரத்த நிரப்பித் தாரியா?"

பாளையங்கோட்டையில் சின்ன நிறுவனங்களுக்கு பி.எஃப்., ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. அண்ணாச்சிக்குப் பதில் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு பையன்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்கள். ஆலையில் மொத்தம் பதினாறு பேர். முதல் நாளே தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒருவனுக்கு மாதம் 1,500 ரூபாய் அரசிடமிருந்து வந்திருக்கும். நாலு மாதத்தில் இரண்டு பேருக்குமாக 12,000 ரூபாய். ஒப்பந்தம் போடாமல் ரொக்கத்தில் சம்பளம் கொடுத்த மாதங்களுக்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது. இந்த மாதிரி போன் அடிக்கடி வருகிறது. எல்லாரும் ஆளைச் சேர்த்த பிறகே கேட்கிறார்கள். சேர்ப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால் பணம் வந்திருக்கும். அதனால்தான் இதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

கற்க வருகிறாரா, வேலைக்கு வருகிறாரா?

பாரத்தைத் தொடும் முன் முடிவு செய்ய வேண்டியது இதுதான். அரசின் பணம் இரண்டு தனித்தனி வழிகளில் வருகிறது. தொழில் கற்க வருகிற தொழிற்பழகுநருக்கு, அதாவது அப்ரெண்டிஸுக்கு, ஒரு வழி. பி.எஃப். பிடித்துச் சம்பளம் வாங்கும் முழு ஊழியருக்கு இன்னொரு வழி. தொழிற்பழகுநர் சட்டப்படி சேர்ந்தவர் ஊழியர் கணக்கில் வரமாட்டார், அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கிடையாது. ஆகவே ஒரே சமயத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. ஆனால் முதலில் ஒன்று, அது முடிந்ததும் மற்றது என்று போகலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். நாலு பேருக்குக் கீழே என்றால் தொழிற்பழகுநர் எடுக்க முடியாது. நாலிலிருந்து இருபத்தொன்பது வரை உங்கள் விருப்பம். முப்பதும் அதற்கு மேலும் என்றால் கட்டாயம்: மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர் எடுத்தே ஆக வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கிற பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியும். பேட்டை தொழிற்பேட்டையில் முப்பத்தைந்து பேரை வைத்துப் பட்டறை நடத்துகிற பலருக்குத் தெரியாது.

முதல் வழி: தொழிற்பழகுநர்

1961-இல் வந்த தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடக்கிற திட்டத்துக்குத் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்று பெயர். 2016-இல் தொடங்கியது. சுருக்கமாக நாப்ஸ் என்பார்கள். பழகுநருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது.

2019 விதித் திருத்தம் வைத்த குறைந்தபட்சத் தொகை இது: ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 5,000, பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் பத்து சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் போடும் அன்று அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளம் எந்தத் தொகையைக் காட்டுகிறதோ அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஐ.டி.ஐ. பையனுக்கு 7,000 என்றால் கால்பங்கு 1,750 வரும். உச்சவரம்பு 1,500 என்பதால் அரசு அதைத்தான் தரும். மீதி 5,500 உங்கள் கையிலிருந்து. இந்த 1,500 உங்கள் கணக்குக்கு வராது, நேரே பழகுநரின் வங்கிக் கணக்குக்குப் போகும். உங்கள் பங்கை நீங்கள் வங்கி வழியாகப் போட்டு, போட்ட விவரத்தைத் தளத்தில் பதிந்த பிறகுதான் அரசுப் பங்கு நகரும். நீங்கள் ஒரு மாதம் பதிய மறந்தால் அந்தப் பையனுக்குத்தான் 1,500 நிற்கும். வீட்டில் அந்தப் பணத்தை நம்பி எத்தனை பேர் இருப்பார்களோ. இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

செய்முறைக்கு வருவோம். பான் அட்டை, ஜி.எஸ்.டி. எண் அல்லது உதயம் என்கிற சிறுதொழில் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், ஆட்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் நிறுவனத்தைப் பதியுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. அப்புறம் எந்தத் தொழிலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று வாய்ப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் மாதிரித் தொழில்கள் அரசு குறித்துவைத்த பட்டியலில் இருக்கின்றன. கடை விற்பனை, உணவு தயாரிப்பு, தையல் போன்றவை விருப்பத் தொழில் என்ற இன்னொரு பட்டியலில் வரும். அவற்றுக்குப் பயிற்சிக் காலம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை. அல்வாக் கடைக்காரர்களும் ஜவுளிக் கடைக்காரர்களும் 'இது பட்டறைக்காரங்களுக்குத்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டாம், இரண்டாவது பட்டியலைப் பாருங்கள்.

பையனோ பெண்ணோ அதே தளத்தில் தன் ஆதாரை வைத்துத் தனியாகப் பதிய வேண்டும். நீங்கள் அழைப்பு அனுப்ப, அவர் ஏற்க, ஒப்பந்தம் தளத்திலேயே உருவாகும். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். குறைந்தபட்ச வயது 14, ஆபத்தான தொழிலுக்கு 18. ஒப்பந்தம் பதிவான பிறகே வேலையில் கால் வைக்கச் சொல்லுங்கள்.

ஆள் எங்கே கிடைப்பார்கள் என்றால், பேட்டை அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சி அலுவலரிடம் 'எனக்கு ரெண்டு வெல்டர் வேணும்' என்று சொன்னால், நல்ல பையன்களின் பெயரை அவரே சொல்லுவார். தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களும் நடக்கும். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் அடுத்த முகாம் எப்போது என்று சொல்லிவிடுவார்கள். தளத்தில் எங்காவது சிக்கிக்கொண்டாலும் அங்கேதான் போக வேண்டும்.

பழகுநர் என்று சேர்த்துவிட்டு டீ வாங்கிவர அனுப்புகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அவரிடம் கூடுதல் நேர வேலை வாங்கத் தொழிற்பழகுநர் ஆலோசகர் என்கிற அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். வேலையில் அடிபட்டால் ஊழியருக்குக் கொடுப்பது போலவே இழப்பீடு கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. லேத் பட்டறையும் அரிசி ஆலையும் பெல்ட்டும் சக்கரமும் ஓடுகிற இடங்கள். முதல் வாரத்திலேயே ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

டிப்ளமோ, டிகிரி முடித்தவர் என்றால்

அண்ணாச்சி கேட்ட 'பாதி' இங்கேதான் உண்டு. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், சுருக்கமாக நாட்ஸ், கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நம் பகுதிக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி. குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசுடையது: பட்டதாரிக்கு 9,000-இல் 4,500, டிப்ளமோவுக்கு 8,000-இல் 4,000. இன்ஜினியரிங் படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை. பி.காம்., பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களும் சேரலாம்.

இந்தத் திட்டம் நம் ஊரில் போதுமான அளவு பயன்படவில்லை என்பது என் எண்ணம். ராணி அண்ணா கல்லூரியிலிருந்தும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலிருந்தும் வருஷாவருஷம் எத்தனை பெண்கள் பி.காம். முடித்து வெளியே வருகிறார்கள்! கணக்கு எழுத ஆள் இல்லை என்று புலம்புகிற கடைகளும் அதே தெருவில் இருக்கின்றன. மாதம் 4,500 ரூபாயில் ஒரு பட்டதாரிக்கு ஒரு வருஷம் தொழில் சொல்லிக் கொடுக்கலாம். இதற்குத் தனித் தளம் உண்டு. நாப்ஸ் தளத்தில் பதிந்தது இங்கே செல்லாது, மறுபடி பதிய வேண்டும்.

இரண்டாம் வழி: முழு ஊழியர்

பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்ற திட்டத்துக்கு 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும். இது பி.எஃப். வழியாக நடக்கிற திட்டம். இருபது பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம், ஏற்கெனவே கட்டிவருகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. இருபதுக்குக் கீழே இருக்கிற சின்னக் கடை, இந்தப் பணத்துக்காக மட்டும் பி.எஃப்.புக்குள் புதிதாக வருவதை நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு மேலே சொன்ன முதல் வழியே போதும்.

திட்டத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று, முதன்முதலாக பி.எஃப்.புக்குள் வருகிற ஊழியருக்கு. மாதச் சம்பளம் ஒரு லட்சம் வரை இருக்கலாம். அவருடைய ஒரு மாத பி.எஃப். சம்பளம் (அதாவது பி.எஃப். கணக்கிடுகிற சம்பளம்), 15,000 வரை, இரண்டு தவணையாக அவருக்கே கிடைக்கும். ஆறு மாதம் வேலையில் நீடித்தால் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் ஆகி, நிதிக் கல்விப் பாடத்தையும் முடித்தால் இரண்டாவது.

இன்னொன்று உங்களுக்கு. ஐம்பது பேருக்குக் கீழே இருக்கிற நிறுவனம் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் ஐந்து பேர். அவர்கள் குறைந்தது ஆறு மாதம் நிலைக்க வேண்டும். 'கூடுதல்' என்பதை பி.எஃப். அலுவலகம் ஓர் அடிப்படை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும். பழைய ஆள் இருவரை நிறுத்திவிட்டுப் புது ஆள் இருவரைச் சேர்த்தால் கூடுதல் பூஜ்யம். பி.எஃப். சம்பளம் 10,000-க்கு மேல் 20,000 வரை என்றால் ஓர் ஆளுக்கு மாதம் 2,000. 20,000-க்கு மேல் என்றால் 3,000. 10,000 வரை என்றால் சம்பளத்துக்கு ஏற்ற விகிதத்தில் 1,000 வரை. இரண்டு ஆண்டுகளுக்கு இது கிடைக்கும். உற்பத்தித் தொழில் என்றால் மூன்றாம், நான்காம் ஆண்டுக்கும் உண்டு.

வள்ளியூரில் ஒரு தயாரிப்பு ஆலை, இருபத்தாறு பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரை பி.எஃப். சம்பளம் 12,000-க்குச் சேர்க்கிறார்கள். முதலாளி பங்கு 12 சதவீதம், காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் அரை அரை சதவீதம், ஆக 13 சதவீதம், அதாவது 1,560 ரூபாய் ஓர் ஆளுக்கு. அரசு தருவது 2,000. பி.எஃப். செலவு முழுக்கத் திரும்பி வந்து மேலே 440 மிஞ்சும். இரண்டு ஆண்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அரசு தரும் தொகை 96,000. 'பி.எஃப். போட்டால் கட்டுப்படியாகாது' என்று பையன்களைப் பதிவேட்டுக்கு வெளியே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன்.

ஆனால் பணம் கடைசியில்தான் வரும். முதல் ஆறு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் முழுக்க உங்கள் பையிலிருந்து போகும். அதற்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆளைச் சேருங்கள். வரப்போகிற மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட வேண்டாம். உங்களுக்கான ஊக்கத்தொகை நிறுவனத்தின் பான் எண்ணோடு இணைத்த கணக்குக்கு வரும் என்பதால் அந்த இணைப்பையும் இப்போதே சரிபாருங்கள்.

இசக்கிமுத்துவின் பெயர்

பணம் நின்றுபோகிற இடம் பெரும்பாலும் பெயர்தான். இசக்கிமுத்து என்று ஒரு பையன். மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால். சான்றிதழில் இசக்கி ஆங்கில ஐ எழுத்தில் தொடங்குகிறது, ஆதாரில் ஈ எழுத்தில். வங்கிப் புத்தகத்தில் இசக்கி தனி, முத்து தனி. நமக்கு மூன்றும் ஒரே பையன். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இசக்கி, முப்பிடாதி, பேச்சியம்மாள், சுடலைமுத்து என்று குலசாமி பெயர் வைத்த வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுத, ஆதார் முகாமில் இன்னொருவர் வேறுவிதமாக அடித்திருப்பார்.

சேர்க்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாலேயே மூன்று காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். ஆதாரை மதிப்பெண் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துவதுதான் சுலபம். தாலுகா அலுவலக ஆதார் மையத்திலோ அஞ்சலகத்திலோ திருத்தலாம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. வங்கியில் ஆதார் நகல் கொடுத்தாயிற்று என்பார்கள். அது போதாது. அரசுப் பணம் நேரடியாக வந்து விழ, அந்தக் கணக்கு ஆதாரோடு தனியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மை ஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். பள்ளிக்கூட உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன பழைய கணக்கில் பணம் போய் உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்தாயிற்று. புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்த கணக்கு இருந்தால் நல்லது, அது ஏற்கெனவே இணைந்த கணக்கு.

முழு ஊழியர் என்றால் யு.ஏ.என். வேண்டும், அது பி.எஃப். உறுப்பினருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண். புதிய எண்ணை மத்திய அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் எடுக்க வேண்டும். ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்ற செயலியும் அதே போனில் இருக்க வேண்டும். பையனின் ஆதாரோடு இணைந்த போன் எண் இப்போதும் வேலை செய்கிறதா என்று முதலில் கேளுங்கள். நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுங்கள்.

அப்போது கட்டாயம் கேட்க வேண்டியது: "ஏலே, இதுக்கு முன்னால வெளியூர்ல எங்கயும் வேலை பாத்தியா?" நம் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ மூன்று மாதம் போய்விட்டு வருவது வழக்கம். அங்கே பி.எஃப். பிடித்திருந்தால் அவருக்கு யு.ஏ.என். ஏற்கெனவே இருக்கும், அது அவருக்கே தெரியாமல் இருக்கும். 2025 ஆகஸ்டுக்கு முன்பே பி.எஃப். உறுப்பினராக இருந்தவர் முதன்முறை ஊழியர் ஆகமாட்டார், அந்த 15,000 அவருக்குக் கிடையாது. உங்களுக்கு வரவேண்டிய ஊக்கத்தொகை அதனால் கெடாது. கூடுதல் ஆள் கணக்கில் அவரும் சேர்வார். பழைய எண்ணை மறைத்துப் புது எண் எடுக்க முயல வேண்டாம், ஆதார் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டு வழியையும் சேர்த்துப் போவது

தொழிற்பழகுநருக்கு பி.எஃப். கிடையாது என்று மேலே சொன்னேன். அதனால் பயிற்சி முடிகிற நாளிலும் அவர் பி.எஃப்.புக்குப் புதியவராகவே இருப்பார். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்த பையனை விட்டுவிடுவானேன்? 2027 ஜூலை 31-க்குள் அவரை ஊழியராக எடுத்தால், அவருக்கு முதன்முறை ஊழியர் தொகையும் உங்களுக்குக் கூடுதல் ஆள் தொகையும் வர வழியுண்டு. அப்போது அவருக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம், சம்பளம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ.யும். இ.எஸ்.ஐ. பத்துப் பேர் இருந்தாலே வந்துவிடும்.

மாநில அரசு பக்கத்தில், புதிதாக உற்பத்தித் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஊதியப் பட்டியல் மானியம் என்று ஒன்று இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்துக்கு வேறு வேலையாகப் போகும்போது அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

'நான் வாங்கித் தாரேன், பத்து சதவீதம் குடு' என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எந்தத் தளத்திலும் பதிவுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் பாஸ்வேர்டையும் பையன்களின் ஆதாரையும் வெளி ஆளிடம் கொடுத்துவிட்டு, வேலைக்கே வராத பெயர்கள் உங்கள் பட்டியலில் ஏறியிருந்தால் பதில் சொல்லப் போவது நீங்கள். கணக்கு எழுத என்னைப் போன்ற ஆள் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மாதச் சம்பளம் பேசுங்கள், மானியத்தில் பங்கு பேசாதீர்கள்.

கடைக் காலண்டரில் இரண்டு தேதிகளைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் 10: போன மாத உதவித்தொகை பழகுநரின் கணக்குக்குப் போய், தளத்திலும் பதிந்திருக்க வேண்டும். 15: பி.எஃப். மாத அறிக்கையான இ.சி.ஆர். தாக்கலாகிப் பணமும் கட்டியிருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஐந்தாவது மாதத்திலிருந்து அந்த இரண்டு பையன்களுக்கும் முறையாக ஒப்பந்தம் போட்டார். ஆலை அலுவலகத்தில் மாட்டியிருக்கிற காலண்டரில் 10-ஆம் தேதியைச் சுற்றி வட்டம் போடுகிற வேலையை அவர் அதில் ஒருவனிடமே கொடுத்துவிட்டார். ஒன்பதாம் தேதி சாயங்காலமே அவன் நினைவுபடுத்திவிடுகிறானாம்.